கேட்காமல் ஏறிய பரண்

எல்ராய் டோம்பெக்குக்கு இல்லை என்று சொல்ல வராது. விஸ்கான்சினில் எங்கள் பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பிடிவாதக்காரர்கள், மீதிப் பேர் கஞ்சர்கள். இரண்டு கட்சியிலும் சேராத மனிதர் அவர். தேவாலயத்து விருந்துக்கு மேசை தூக்க ஆள் வேண்டுமா, எல்ராயைக் கூப்பிடு. டிராக்டர் சேற்றில் சிக்கிக்கொண்டதா, எல்ராயைக் கூப்பிடு. எதை விற்க வந்தாலும் வாங்கிவிடுவார் என்பதால், தெரியாத கார் ஒன்று வாசலில் வந்து நின்றால் அவர் மனைவி மார்லிஸ்தான் முதலில் வெளியே வருவார்.

அவருடைய சோளக் கொல்லை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். ஓக் மரங்கள், நடுவில் ஓர் ஓடை, ஓடைக்கு இருபுறமும் சரிவு. மான்களைக் கேட்டுக்கொண்டு அமைத்த மாதிரி இருக்கும். அதனால் நவம்பரில் வேட்டைக் காலம் நெருங்கினால் ஊரில் பாதிப் பேருக்கு எல்ராய் ஞாபகம் வந்துவிடும்.

அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கேட்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. போனில் கேட்கக் கூடாது, நேரில் வர வேண்டும். வந்தவுடனே கேட்கவும் கூடாது. முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்து சோளம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பற்றி. பிறகு பால் விலை. அதற்கு இருவரும் சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு யாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்பது. இதெல்லாம் முடிந்து, கிளம்புகிறவர் போல வண்டிக் கதவில் கையை வைத்த பிறகுதான், "அப்புறம், இந்த வருஷமும் அந்த ஓடைப் பக்கம்..." என்று இழுக்கலாம். வந்த காரியத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்கிறவனை நாங்கள் மில்வாக்கி நகரத்துக்காரன் என்று முடிவுகட்டிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

யாரும் காசு கொடுப்பதில்லை, எல்ராய் வாங்குவதும் இல்லை. ஆனால் வெறுங்கையோடும் யாரும் வருவதில்லை. ஒருவர் சீஸ் கொண்டுவருவார், ஒருவர் மேப்பிள் பாகு கொண்டுவருவார், ஒரு குழாய் வேலைக்காரர் வந்த கையோடு சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போவார். வெண்டல் ருட்கே தானே புகைபோட்ட மான்கறி சாசேஜைக் கொண்டுவருவார். சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வெண்டல், எல்ராயுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர் சாசேஜில் போடும் பூண்டின் அளவு அவர் மனைவிக்கே தெரியாது என்பார்கள்.

இத்தனைக்கும் எல்ராய் வேட்டையாடுகிறவர் அல்ல. இளம் வயதில் ஒரு முறை போயிருக்கிறார். வேட்டைக்கு முதல் தேவை வாயை மூடிக்கொண்டு உட்காருவது. எல்ராய் மாட்டிடம் பேசுவார், டிராக்டரிடம் பேசுவார், தூக்கத்திலும் பேசுவார் என்று மார்லிஸ் சொல்வார். அன்று பக்கத்தில் வந்து நின்ற மானைப் பார்த்து அவர், "அடேயப்பா, என்ன அழகா இருக்க" என்று சொல்லிவிட்டார். மான் போய்விட்டது. கூட வந்த வெண்டல் அடுத்த வருடத்திலிருந்து தனியாகப் போனார்.

ஆனால் வேட்டைக் காலத்து மதிய வேளை எல்ராய்க்கு உயிர். ஆரஞ்சு உடுப்பும் சேற்றுக் காலணியுமாக எல்லோரும் அவர் சமையலறைக்கு வந்து சூப்பு குடிப்பார்கள். தப்பிப்போன மான்கள் அந்த மேசைப் பேச்சில் வருடத்துக்கு வருடம் கொம்பு வளர்த்துக்கொண்டே போகும். வருடம் முழுக்க மாடுகளோடு மட்டும் பேசுகிற மனிதருக்கு அதுதான் திருவிழா. பிள்ளை இல்லாத அந்த வீடு அந்த ஒரு வாரம் கல்யாண வீடாக இருக்கும்.

இதற்குத்தான் போன அக்டோபரில் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் மார்லிஸின் தம்பி டுவேன். அவருக்குக் காப்பீடு விற்கும் தொழில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர், இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"வடக்க ஒருத்தர் நிலத்துல வேட்டைக்குப் போனவன் மரத்துல கட்டின பரண்ல இருந்து விழுந்துட்டானாம். இடுப்பெலும்பு போச்சு. இப்ப நிலத்துக்காரர் மேல கேஸ்."

"அவரா தள்ளிவிட்டார்?" என்றார் எல்ராய்.

"யார் தள்ளினா என்ன, அவர் நிலம்தானே. காசு வாங்காம விட்டிருந்தா சட்டம் அவரைக் காப்பாத்தியிருக்கும். அவர் வாடகை வாங்கியிருக்கார். நீ ஒண்ணும் வாங்கறதில்லையே?"

"ஒரு காசு வாங்கினதில்ல."

"காசை விடு. வேற ஏதாவது?"

மார்லிஸ் எழுந்து போய் உறைபெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே போன வருடத்து சாசேஜ், சீஸ், மீன், யாரோ கொடுத்த வாத்து என்று மேலே வரை நிறைந்திருந்தது. டுவேன் எட்டிப் பார்த்துவிட்டு விசிலடித்தார்.

"ஒரு நல்ல வக்கீல் கையில கெடச்சா இதெல்லாம் வாடகைதான், எல்ராய். பண்ணையே கைவிட்டுப் போயிடும். பயமுறுத்தறேன்னு நெனைக்காத. எங்கிட்ட ஒரு கூடுதல் பாலிசி இருக்கு."

"அதானே பாத்தேன்" என்றார் மார்லிஸ். "சாப்பிட வந்தியா, விக்க வந்தியாடா?"

டுவேன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னதில் சட்டம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் எல்ராய் பயந்துவிட்டார். அப்பா காடு வெட்டித் திருத்திய நிலம். ஒரு சாசேஜுக்காக அது போவதா என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. இனி யார் எது கொண்டுவந்தாலும் தொடக்கூட மாட்டேன் என்று முடிவு செய்தார். வாழ்நாளில் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர் அதைச் சொல்லப் பழகத் தொழுவத்துக்குப் போனார். மாடுகளிடம் நன்றாகத்தான் வந்தது.

முதலில் வந்தது வெண்டல். காகிதத்தில் சுற்றிய சாசேஜைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி, முறைப்படி வானத்தைப் பார்த்தார்.

"மழை விட்டபாடில்ல."

"ஆமா" என்றார் எல்ராய். அவருக்கு வியர்த்தது.

"சோளம் இன்னும் ஈரமாத்தான் இருக்கும்போல."

"ஈரம்தான். வெண்டல், அந்தப் பொட்டலத்தை நான் வாங்க முடியாது."

வெண்டல் பொட்டலத்தைப் பார்த்தார், எல்ராயைப் பார்த்தார். "ஏன், டாக்டர் வேண்டாம்னுட்டாரா?"

"டாக்டர் இல்ல. சட்டம். உங்கிட்ட ஏதாவது வாங்கினா நான் உனக்குக் காட்டை வாடகைக்கு விட்ட மாதிரி ஆயிடுமாம். நாளைக்கு நீ விழுந்து காலை ஒடச்சுக்கிட்டு எம்மேல கேஸ் போட்டா..."

"நான் உம்மேல கேஸ் போடுவேன்னு நெனச்சியா?"

"நீ போட மாட்ட. ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா ஏன் எம்பேரைச் சொல்ற?"

எல்ராய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொழுவத்தில் பழகியதெல்லாம் ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று பழகியிருக்கவில்லை. வெண்டல் பொட்டலத்தை வேலித் தூண் மேல் வைத்தார். பால் விலைக்கும் முழங்காலுக்கும் போகாமலே வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஒரு வாரத்தில் விஷயம் ஊருக்கே தெரிந்தது. தீவன மில்லில் எல்ராய் நுழைந்தால் பேச்சு நின்றது. குழாய் வேலைக்காரர் வேறு யாரிடமோ அனுமதி கேட்டுவிட்டார் என்று காதில் விழுந்தது. இந்த வருடம் சூப்புக்கு யாரும் வரப்போவதில்லை என்பதை எல்ராய் புரிந்துகொண்டார். அது அவரை அரித்தது; பண்ணை போய்விடும் என்ற பயமும் கூடவே அரித்தது. இரண்டுக்கும் நடுவில் மனிதர் பேச்சைக் குறைத்துவிட்டார். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன என்பார் மார்லிஸ்.

பயந்தவன் சும்மா இருக்க மாட்டான். யாராவது வந்து விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று எல்ராய் ஒரு நாள் காலை பால் கறந்து முடித்ததும், காட்டிலுள்ள பரண்களைச் சோதிக்கக் கிளம்பினார். மற்றவர்களுடையது எல்லாம் கடையில் வாங்கிய இரும்புப் பரண்கள். கீழே நின்று ஆட்டிப் பார்த்தாலே போதும். வெண்டலுடையது மட்டும் ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் பலகை வைத்து ஆணியடித்துத் தன் கையால் கட்டியது. ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் பரணில் யாரும் ஏற மாட்டோம். நிலத்துக்காரராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. அடுத்தவர் பல் துலக்கும் பிரஷை எடுத்துப் பயன்படுத்துவதற்கும் அதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. எல்ராய்க்கு இது தெரியும். இருந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறினார்.

மேலே போய் உட்கார்ந்தவர் சோதனையை மறந்துவிட்டார். இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே அவருடைய வீட்டுக் கூரை தெரிந்தது. சிவப்புத் தொழுவம் தெரிந்தது. மார்லிஸ் கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து இருக்கிற இடம், ஆனால் இங்கிருந்து பார்த்ததே இல்லை. வெண்டல் வருடா வருடம் இங்கே உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எல்ராய்க்குப் புரிந்தது. சத்தமாகவே, "நான் ஒரு மடையன்" என்றார். கேட்க ஒரு மான்கூட இல்லை.

இறங்கும்போது நடுப் படி ஒடிந்தது. எல்ராய் இளைத்த உடம்புக்காரர் அல்ல. படியோடு கீழே வந்து, சரிவில் உருண்டு, ஓடையில் ஒரு கால் கிடக்க விழுந்தார். கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

அவர் மார்லிஸைக் கூப்பிட்டுக் கத்தினார். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் மார்லிஸுக்குக் கேட்கவில்லை. மாடுகளுக்குக் கேட்டது. கத்துகிறவர் எல்ராய் என்றால் தீவனம் உண்டு என்பதுதான் அவற்றின் அனுபவம். மேய்ச்சல் வேலியைச் சாய்த்துக்கொண்டு மொத்த மந்தையும் சோளக் கொல்லை வழியாகக் காட்டுக்குள் இறங்கியது. கொடியருகே நின்ற மார்லிஸ், தன் மாடுகள் எல்லாம் ஊர்வலமாகப் போவதைப் பார்த்து, கையில் போர்வையோடு பின்னால் ஓடினார். ஓடையில் எல்ராய் படுத்திருக்க, சுற்றிலும் மாடுகள் நின்று அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தன.

கணுக்காலுக்கு மேல் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதெல்லாம் அவருக்கு ஒரே கவலை: மாடுகளை யார் கறப்பது? மார்லிஸ் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகுதான், தொழுவத்தில் இயந்திரம் ஓடுவதும் யாரோ மாடுகளை ஜெர்மன் மொழியில் திட்டுவதும் கேட்டது. ருட்கே குடும்பத்தார்தான் ஜெர்மனில் திட்டுவார்கள்.

"அவன் எப்ப வந்தான்?"

"நீ விழுந்த அன்னிக்கே" என்றார் மார்லிஸ். "வேலி சரி பண்ணினான், மாட்டை ஓட்டிட்டு வந்தான். உங்கூடப் பேசறதில்லையாம். மாடுங்க மேல கோவம் இல்லையாம்."

வெண்டல் காலையும் மாலையும் வந்தார், கறந்தார், சமையலறையில் வாளி கழுவினார், மார்லிஸ் போட்டதைச் சாப்பிட்டார், போனார். எல்ராய் இருந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு எல்ராய்க்குத் தட்டில் சாசேஜ் வந்தது. மூன்றாவது துண்டில்தான் பூண்டு அவருக்கு உறைத்தது. மார்லிஸ் வேலித் தூணிலிருந்து எடுத்துவைத்தது அது. எல்ராய் நாலாவது துண்டையும் தின்றார்.

டுவேன் வந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டதாக அவர் நினைத்துக்கொள்வாரே தவிர, பக்கத்து அறை வரை கேட்கும். "படியைக் கட்டினது வெண்டல்தானே? ஒடிஞ்சது அவன் படி. கேஸ் உன் பக்கம் இருக்கு, எல்ராய். ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டற கம்பெனி உன்னைக் கூப்பிட்டுக் கேக்கும் பாரு. பேரைச் சொல்லு, அவங்க அவன்கிட்ட வசூல் பண்ணிக்குவாங்க."

சமையலறையில் வாளிச் சத்தம் நின்றது. வெண்டலுக்குச் சொத்து என்று இருப்பது அந்த வீடும் புகைக் கொட்டகையும்தான். அன்று மாலை அவர் சாப்பிடாமல் போனார். ஆனால் மறுநாள் காலை கறக்க வந்தார்.

அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோதும் வெண்டல் சமையலறையில்தான் இருந்தார். வருடக்கணக்கில் கேட்ட டிராக்டர் சத்தத்தில் எல்ராய்க்குக் காது மந்தம். எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பேசிய பெண் மரியாதையாகவே கேட்டாள்.

"உங்களுக்கு அடிபட்டது எந்த இடத்துல, சார்?"

"என் காட்டுல. ஓடைக்கரைல."

"ஏதாவது மேல இருந்து விழுந்தீங்களா?"

"பரண்ல இருந்து."

"பரண் யாரோடது?"

எல்ராய் சமையலறை வாசலைப் பார்த்தார். வெண்டல் கையில் சொட்டச் சொட்ட வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னோடது" என்றார் எல்ராய். "என் நிலம், என் மரம். என் பரண்."

"நீங்களே கட்டினதா?"

"ஆமா."

வாளி தரையில் டங்கென்று விழுந்தது. "நீயா?" என்றார் வெண்டல். அத்தனை நாளில் அவர் எல்ராயிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நீ கட்டினியா? உனக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியுமா? உன் கோழிக்கூடு நிக்கற லட்சணத்தைப் பாத்தாலே தெரியாது? அது நான் கட்டின பரண்."

"சும்மா இரு, வெண்டல்."

"இருக்க மாட்டேன். ஒவ்வொரு பலகையும் நான் அறுத்தது."

"சார், அங்க யார் பேசறது?" என்றாள் அந்தப் பெண்.

"யாரும் இல்ல. பால்காரன்."

"பரண்காரன்" என்றார் வெண்டல், போனுக்கு அருகில் வந்து. "ருட்கே. எழுதிக்கோம்மா. ஆர், யு..."

"எழுதாதீங்க" என்றார் எல்ராய்.

"நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து எல்லாரும் 'அது என்னோடது இல்ல'ன்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன்" என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க. நான் என்னன்னு போடட்டும்?"

எல்ராய் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்படிப் போடுங்க. பரண் அவனோடது. நான் அவனைக் கேக்காம ஏறினேன். எங்க ஊர்ல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க, நான் செஞ்சேன். தப்பு மொத்தமும் எம்மேல. அவன்மேல கைய வச்சீங்கன்னா நான் கோர்ட்டுக்கு வந்து அவன் பக்கம் நிப்பேன், கட்டுப் போட்ட காலோட."

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார்.

"கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருந்தா ஏற விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். நடுப் படி உளுத்துப்போச்சுன்னு சொல்லியிருப்பேன். நான் அதைத் தாண்டித்தான் ஏறுவேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு சாசேஜோட நான் வந்ததே அதைச் சொல்லத்தான்யா. மாத்தறதுக்கு உன் கொட்டகைல இருந்து ஒரு பலகை கேக்கலாம்னு வந்தேன். நான் பேச்சுல இன்னும் சோளத்துலதான் இருந்தேன். நீ அதுக்குள்ள சட்டம்னுட்ட."

எல்ராய் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"மிஸ்டர் ருட்கே," என்றாள் போனிலிருந்த பெண், "படி உளுத்திருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

எல்ராய் எட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்டலின் தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு எல்ராய் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. கால் வலிக்க வலிக்க, கண்ணில் தண்ணீர் வர வர, "சோளத்துல இருந்தானாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மார்லிஸ் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார்.

"மிஸ்டர் டோம்பெக் இருக்காரா? பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிடுச்சு."

மார்லிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சோளக் கொல்லையில் வெண்டலின் டிராக்டர் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கட்டிய இழுவண்டியில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு எல்ராய் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு புதுப் பலகை.

"அவங்க ரெண்டு பேரும் பரணைச் சரிபண்ணப் போயிருக்காங்கம்மா" என்றார். "சனிக்கிழமை வேட்டை ஆரம்பம்."

"அவர் மறுபடி ஏறப்போறாரா?" அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"ஏற மாட்டார். கீழ உக்காந்து எப்படி ஆணியடிக்கணும்னு சொல்லிட்டிருப்பார்" என்றார் மார்லிஸ். "வெண்டல் சுத்தியலை அவர்மேல போடாம இருந்தாச் சரி."